ஏலக்காய் ஸ்டோர்களில் வெப்பப் பதிவு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏலக்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் தங்கள் நாளிதழில் தவறாமல் செய்தி வருகிறது. போடிநாயக்கனூர் ஏலத்தில் சராசரி என்ன, புத்தடியில் அதிகபட்சம் என்ன, மழை எத்தனை வாரம் தள்ளிப்போனது, குவாத்தமாலா காய் சந்தைக்கு எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் எங்கள் மலைக்கும் அடிவாரத்துக்கும் தேவையான செய்திகள்தாம். ஆனால், செடியிலிருந்து எடுத்த காய் ஏல மையத்துக்குப் போவதற்கு முன்பு ஏறக்குறைய இருபது மணி நேரம் ஒரு சூடான அறைக்குள் கிடக்கிறது. அந்த இருபது மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே மழையில், ஒரே ஞள்ளானி ரகத்தில் விளைந்த காய்க்கு இரண்டு விதமான விலை கிடைக்கிறதென்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் அந்த அறைதான்.

நான் குடியிருப்பது இடுக்கி மாவட்டத்துக் கம்பம்மெட்டில். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை பக்கங்களில் ஏலக்காய் ஸ்டோர்களுக்கு அடுப்பு கட்டுவது, புகைக்குழாய் மாற்றுவது, விசிறி பொருத்துவது, பழுது பார்ப்பது என் தொழில். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது பச்சைக் காயை உலர்த்தும் கட்டடத்தை. பெரிய தோட்டங்களுக்குச் சொந்தமாக ஸ்டோர் உண்டு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. அவர்கள் பச்சைக் காயை மூட்டையாகக் கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அடுத்தவர் ஸ்டோரில் உலர்த்தி வாங்குகிறார்கள். காயைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் வந்து உலர்ந்த காயை எடை பார்த்து வாங்குவார்கள். நடுவில் உள்ளே என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. பல நேரங்களில் ஸ்டோர்காரருக்கும் தெரியாது என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

கூலிக்கு உலர்த்தும் ஒவ்வொரு ஸ்டோரும், உலர்ந்த காயோடு சேர்த்து, அந்தக் காய் எந்த நேரத்தில் எத்தனை டிகிரியில் இருந்தது என்ற பதிவுத்தாளையும் விவசாயியிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவை அறையின் ஒரே இடத்தில் அல்ல, குறைந்தது நான்கு இடங்களில் எடுக்க வேண்டும். இதற்கான கையடக்கக் கருவி சந்தையில் இருக்கிறது. அதை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. மருந்துத் தெளிப்பான் போல வாடகைக்குக் கிடைத்தாலே போதும்.

உலர்த்துவது என்றால் வெறுமனே சூடு காட்டுவது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பறித்து வந்த ஏலக்காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் கொடுத்தால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும் என்ற கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. இவ்வளவு தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும். அதே சமயம் தோலின் பச்சை நிறம் போகக் கூடாது, ஓடு வெடிக்கக் கூடாது, உள்ளே அரிசியில், அதாவது விதையில், இருக்கும் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போகக் கூடாது. 45 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் நடுவில் நிறுத்த வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் 60 டிகிரியைத் தாண்ட விட்டால் காம்பும் பூத்தாளும் மொறுமொறுப்பாகி, கம்பிவலையில் தேய்க்கும்போது எளிதில் உதிரும். அந்தச் சூடு ஈரம் நிறைந்த தொடக்க நேரத்திலோ நடு இரவிலோ வந்துவிட்டால் பச்சையம் சிதைந்து காய் மஞ்சளாகும், பழுப்பாகும். 40 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் ஈரம் வெளியேறாமல் வேகாத சோறு போல ஒரு நிலைக்கு வந்து, பூசணம் பிடிக்க வழியாகும். மேலேயும் பள்ளம், கீழேயும் பள்ளம். நடுவில் இருப்பது பத்து டிகிரி அகலமுள்ள வரப்பு.

அந்த வரப்பின் மேல்தான் நடக்கிறோம் என்பதற்கு ஸ்டோர்களில் என்ன ஆதாரம் வைத்திருக்கிறார்கள்? பழைய ஸ்டோர்களில் கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்தில் ஒரு வட்டமான டயல் வெப்பமானி. புதிதாக வந்திருக்கும் டீசல், கேஸ், மின்சார உலர்த்திகளில் டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்கு உணரி ஒன்றுதான், சூடான காற்று வெளிவரும் வாயில். இரண்டிலும் குறை ஒன்றே. அவை தாங்கள் இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்கின்றன. காய் இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்வதில்லை. விறகு அடுப்பில் சூடாகும் புகைக்குழாய் தரையை ஒட்டி அறையைச் சுற்றி ஓடுகிறது. அடுப்பை விட்டு வெளிவரும் முதல் வளைவு கொதிக்கும். புகைபோக்கிக்கு அருகில் வரும்போது கை வைக்கலாம் போல இருக்கும். அதன்மேல் தட்டுகளை அடுக்கடுக்காக ஏற்றினால், முதல் வளைவுக்கு நேர் மேலே இருக்கும் தட்டும் கதவோரத்துத் தட்டும் ஒரே சூட்டில் இருக்க முடியாது. கதவோரத்து டயல் 50 என்று காட்டும்போது ஓர் அடுக்கில் 60ஐத் தாண்டியும், இன்னொன்றில் 42க்குக் கீழேயும் இருப்பதை நான் பல ஸ்டோர்களில் அளந்திருக்கிறேன்.

நான் அளக்கப் பயன்படுத்துவது நான்கு இணைப்புகள் கொண்ட கையடக்க வெப்பமானி. பார்ப்பதற்குப் பழைய கால்குலேட்டரைவிடச் சற்றுப் பெரிது. தலைப்பக்கத்தில் நான்கு சிறு துளைகள். ஒவ்வொன்றிலும் தட்டையான இரண்டு கால் வைத்த மஞ்சள் பிளக் செருகப்படும். பிளக்கிலிருந்து மெல்லிய இரட்டைக் கம்பி போகும். கம்பியின் நுனியில், இரண்டு உலோகங்களும் உருகி ஒட்டிய, கடுகளவு மணி ஒன்று இருக்கும். இதைத் தெர்மோகப்பிள் என்கிறார்கள். வெவ்வேறு உலோகங்களை இணைத்து, இணைப்புகளுக்கு இடையே வெப்ப வேறுபாட்டை உண்டாக்கினால் மின்விளைவு தோன்றும் என்பதை 1821இல் செபெக் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் கண்டார். இன்றைக்கும் அதே அடிப்படைதான். எங்கள் வேலைக்குப் பொருந்தும் கே வகைக் கம்பியில், ஒரு டிகிரி கூடினால் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் நாற்பது பங்கு அளவுக்கு மின்னழுத்தம் கூடுகிறது. அவ்வளவு சிறிய மாற்றத்தைக் கருவி பிடித்து எண்ணாக்கிக் காட்டுகிறது. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று சொல்லி வைத்தால், நான்கு இடத்து எண்களையும் நேரத்தோடு சேர்த்து மெமரி கார்டில் தானே எழுதிக்கொள்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் இருபது மணி நேரத்துக்கு 240 வரி. கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தால் ஒரே தாளில் நான்கு கோடுகளாக அச்சடித்துத் தந்துவிடுவார்கள்.

நான்கு மணிகளையும் எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றை அடுப்புக்கு நேர் மேலே உள்ள மேல் தட்டில் வைக்கிறேன். ஒன்றைக் கதவோரக் கீழ்த் தட்டில். இரண்டிலும் மணி தட்டின் கம்பிவலையைத் தொடாமல் காற்றில் நிற்க வேண்டும். தொட்டால் காற்றின் சூட்டுக்குப் பதில் உலோகத்தின் சூட்டைச் சொல்லும். குழாயின் அனல் நேராகப் படாதபடி சிறு தகரத் துண்டை மறைப்பாக வளைத்து வைக்க வேண்டும். மூன்றாவது மணியை நடுத் தட்டில், பரப்பிய காய்க்குள்ளேயே புதைக்கிறேன். இது எல்லாருக்கும் வியப்பைக் கொடுக்கும். முதல் சில மணி நேரம் காற்று 50 டிகிரியில் இருந்தாலும் காய் 40ஐ ஒட்டியே நிற்கும். வியர்வை காயும்போது உடல் குளிர்வதற்கு என்ன காரணமோ அதுவே இங்கும்: தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரம் குறையக் குறையக் காயின் சூடு மெல்ல ஏறி, கடைசியில் காற்றின் சூட்டைத் தொட்டுவிடும். மாலை ஏழு மணிக்கு அடிக்கும் 58 டிகிரிக் காற்றைக் காய் ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதே 58 விடியற்காலை நான்கு மணிக்கு வந்தால் காயே 58 ஆகிவிடும். டயலைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

நான்காவது மணியின் மேல் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் வாலை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு, காற்றோட்டத்தில் தொங்கவிடுகிறேன். அது காட்டும் எண்ணுக்கும் பக்கத்தில் உலர்ந்த மணி காட்டும் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் அறையில் எவ்வளவு நீராவி நிற்கிறது என்பதற்கு அளவு. உலர்ந்தது 50, துணி சுற்றியது 47 என்றால் அறை நீராவியால் நிறைந்திருக்கிறது. விறகு எவ்வளவு போட்டாலும் காய் காயாது, வெந்துகொண்டுதான் இருக்கும். உடனே மேல் சன்னலைத் திறக்க வேண்டும், எக்ஸாஸ்ட் விசிறியைப் போட வேண்டும். இடைவெளி பன்னிரண்டு, பதினைந்து என்று விரிந்தால் உலர்த்தல் ஒழுங்காக நடக்கிறது. ஸ்டோர்களில் காய் நிறம் மாறுவதற்குச் சூடு ஒரு காரணம் என்றால், சன்னலை உரிய நேரத்தில் திறக்காமல் ஈரத்தையும் சூட்டையும் சேர்த்து உள்ளே அடைத்து வைப்பது இன்னொரு காரணம். நான்கு இணைப்புகளில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கத்தான் வேண்டும்.

ஓர் இரவின் பதிவைச் சொல்கிறேன். இடத்தையும் ஸ்டோரையும் குறிப்பிடவில்லை. ஸ்டோர்காரர் நல்ல மனிதர், கதவைத் திறந்து அளக்க விட்டவர்.

அவரிடம் கூலிக்குக் கொடுத்த ஓர் அம்மாவின் காய் முழுவதும் வெளுத்து, பாதிக்குப் பாதி ஓடு வெடித்து வந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம் அவருடையது; கணவர் இல்லை; தானும் மகளுமாக எடுத்த காய். “இளங்காயைப் பறித்துக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும்” என்று ஸ்டோரில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா என்னைத் தடுத்து நிறுத்தி, “தம்பி, கரிங்காய்ப் பருவம் பார்த்துத்தான் எடுத்தேன். எனக்குக் காய் எடுக்கத் தெரியாதா?” என்று கேட்டார். அவர் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். பழுத்த பழுக்காய், அரிசி கறுத்து முற்றிய கரிங்காய், முற்றாத இளங்காய் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரிப்பார். அவர் சொல்லை நான் நம்பினேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்து ஸ்டோர்காரரிடம் பேச முடியாது. அந்த அம்மாவின் காய் கிடந்த தட்டு எது என்று விசாரித்தேன். கடைசி ஜீப்பில் வந்த மூட்டை என்பதால், அடுப்புக்கு நேர் மேலே, மேல் தட்டில் போட்டிருந்தார்கள். ஸ்டோர்காரரின் சம்மதத்தோடு அடுத்த முறை காய் ஏற்றியபோது அதே தட்டில் ஒரு மணியை வைத்தேன்.

மாலை ஆறு மணிக்குத் தீ மூட்டினார்கள். ஒன்பது மணிக்கு டயல் 50, மேல் தட்டு 57, கதவோரக் கீழ்த் தட்டு 42, காய்க்குள் 41. நள்ளிரவு வரைக்கும் ஏறக்குறைய இப்படியே. ஒரு மணிக்குப் பிறகு நான்கு கோடுகளும் ஒன்றாகச் சரியத் தொடங்கின. ஒன்றரை மணிக்கு மேல் தட்டே 44க்கு வந்துவிட்டது. இரண்டேகால் மணிக்குத் திடீரென்று ஏற்றம். மேல் தட்டு 55, 60, 65 என்று தாவி 69ஐத் தொட்டு, நாற்பது நிமிடம் 65க்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த நேரம் முழுவதும் கதவோரத்து டயல் 56ஐத் தாண்டவில்லை. விடிந்து பார்த்தபோது டயல் மறுபடியும் 50இல் நின்றது. பதிவு இல்லாவிட்டால் அந்த இரவில் தவறு ஏதும் நடந்ததாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

பதிவைப் பார்த்த உடனே ஸ்டோர்காரர், தீப் போடும் இளைஞரைத் தூங்கிவிட்டதாகச் சொல்லித் திட்டத் தொடங்கினார். ஜார்கண்டிலிருந்து வந்த பையன். தமிழ் கொஞ்சம், மலையாளம் கொஞ்சம். நான் இருவரையும் விறகுக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். வெளிப்பக்கம் அடுக்கியிருந்த விறகு சாரலில் நனைந்து கறுத்துப் போயிருந்தது. காய்ந்த விறகு ஒரு மணிவாக்கில் தீர்ந்துவிட, அவன் ஈர விறகைப் போட்டிருக்கிறான். அது பற்றவில்லை, புகைந்தது. சூடு இறங்க இறங்கப் பயந்துபோய் மேலும் மேலும் திணித்திருக்கிறான். திணித்த மொத்தமும் காய்ந்து ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டபோது வந்ததுதான் அந்த 69. கோட்டின் சரிவையும் ஏற்றத்தையும் பார்த்தால் தூங்கியவனின் இரவு அல்ல அது. விழித்திருந்து போராடியவனின் இரவு. வெப்பப் பதிவு ஸ்டோர்களுக்கு வரும்போது, ஆளைப் பிடித்துக் கூலியைக் குறைக்கும் ஆயுதமாக அதை மாற்றிவிடாதீர்கள் என்று முதலாளிகளை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். காலையிலிருந்து தட்டு சுமந்தவனையே இரவு முழுவதும் அடுப்பிலும் உட்கார வைத்துவிட்டு எண்களைக் காட்டி மிரட்டுவது அநியாயம்.

சரிசெய்ய அதிகம் செலவாகவில்லை. முதல் வளைவுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தகரப் பலகை ஒன்றைச் சரிவாகப் பொருத்தி, அனலைப் பக்கவாட்டில் திருப்பினேன். விறகுக்குக் கூரை நீட்டினார்கள். பாதி இரவில் மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் இடம் மாற்றும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். மறுபடி நான்கு மணிகளையும் வைத்துப் பார்த்தபோது மேல் தட்டுக்கும் கதவோரத் தட்டுக்கும் நடுவில் இருந்த பதினைந்து டிகிரி வேறுபாடு ஐந்துக்குள் அடங்கியிருந்தது. அந்த அம்மாவின் அடுத்த சுற்றுக் காய் பச்சையாகவே வந்தது. முந்தைய காய்க்குக் கூலியைத் திருப்பிக் கொடுத்தார் ஸ்டோர்காரர். காயின் விலையை யார் கொடுப்பது?

இந்தப் பேச்சை எடுத்தால் சிலர், “எங்கள் அப்பா காலத்தில் எந்த மெஷின் இருந்தது? மணத்தை வைத்தே சொல்வார்களே” என்கிறார்கள். உண்மைதான். அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவியின் மணத்தை வைத்தும், ஒரு பிடி காயைக் காதருகே குலுக்கி அரிசி ஓட்டில் உரசும் ஒலியை வைத்தும் பதம் சொன்ன பெரியவர்களிடம்தான் நானும் தொழில் கற்றேன். அவர்களை நான் வணங்குகிறேன். அவர்கள் ஓர் இரவில் பலமுறை எழுந்து, தட்டுக்குத் தட்டு கை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் விரல்களே பல இணைப்பு வெப்பமானியாக இருந்தன. இப்போது அந்தப் பெரியவர்கள் குறைந்துவிட்டார்கள். பருவத்துக்குப் பருவம் ஆள் மாறுகிறது. கற்றுக்கொடுக்கப் பொதுவான மொழியும் இல்லாத இடத்தில் எண்ணும் கோடுமாவது இருக்கட்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய துப்பாக்கி வடிவ வெப்பமானி போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அது மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைப் படிக்கிறது. பளபளக்கும் தகரத்தின் மேலும் கம்பிவலையின் மேலும் காட்டினால், எதிரொளிப்பையும் சேர்த்துப் படித்துத் தவறான எண்ணைத் தரும். காய்க் குவியலின் உள்ளே அதற்குத் தெரியாது. அதைக் காட்டுவதற்குக் கதவைத் திறக்கவும் வேண்டும். நெற்றிக்கென்று செய்த கருவிக்கு அளவு வரம்பே 42, 43 டிகிரியோடு முடிந்துவிடும்.

கருவியை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தவறாகப் பயன்படுத்தினால் நம்பிக்கையோடு தவறான எண்ணைக் கொடுக்கும். கே வகைக் கம்பியில் சாதாரணத் தரத்துக்கு இரண்டரை டிகிரி வரை முன்பின் இருக்கலாம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நமக்கு இருக்கும் பாதையே பத்து டிகிரிதான் எனும்போது இதை அறிந்திருக்க வேண்டும். பருவம் தொடங்கும் முன்பு சோதித்துக்கொள்ளலாம். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பனிக்கட்டியை நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஃபிளாஸ்கில் நிரப்பி, நான்கு மணிகளையும் ஒன்றாகக் கட்டி உள்ளே விட்டுக் கிளற வேண்டும். நான்கும் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். எது எவ்வளவு விலகுகிறது என்பதை அந்தந்தக் கம்பியில் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் சோதிப்பவர்கள் 100ஐ எதிர்பார்க்கக் கூடாது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் மலையில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே போடியில் 99ஐ ஒட்டி. இது தெரியாமல் நல்ல கருவியைப் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, கம்பி நீளம் போதவில்லை என்று ஸ்பீக்கர் ஒயரை முறுக்கி ஒட்டுப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒட்டுப் போட்ட இடத்தின் சூடும் கணக்கில் கலந்துவிடும். அதே வகை நீட்டிப்புக் கம்பிதான் வேண்டும். அமெரிக்க முறை வண்ணமுள்ள கம்பியில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. பேட்டரியில் சிவப்பு என்றால் நேர்முனை என்று பழகிய நம் மின்பணியாளர்கள் மாற்றி முடுக்கிவிடுகிறார்கள். அப்போது அறை சூடேறச் சூடேற எண் இறங்கிக்கொண்டே போகும். கருவியை அறைக்குள்ளே வைக்கவும் கூடாது. பிளக் செருகும் இடத்தின் சூட்டைக் கருவி தனியே அளந்து கூட்டிக்கொள்கிறது. அந்த இடம் நிலையாக இருந்தால்தான் கணக்கு நிலையாக இருக்கும். வெளியே மேசையில் வைத்துக் கம்பியை மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே விட வேண்டும்.

செலவைப் பற்றி. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும், பிறகு ஆயிரத்துக்குக் கீழே விழுந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். விலை ஏறியிருக்கும்போது யாரும் தரத்தைக் கவனிப்பதில்லை. விழுந்த பிறகு கவனிக்கக் கையில் பணம் இல்லை. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பச்சைக் காய்க்கும், அதே பருமனுள்ள வெளுத்த காய்க்கும் ஏலத்தில் விழும் வேறுபாட்டைப் பார்த்தால், ஒரே ஒருமுறை உலர்த்த ஏற்றிக் கெட்ட காயின் இழப்பு கருவியின் விலையை எட்டிவிடும். வெளுத்த காயை விற்க முடியாமல் பச்சைச் சாயம் ஏற்றும் குறுக்கு வழியும் இங்கிருந்துதான் பிறக்கிறது. நறுமணப் பொருளில் சாயம் கலப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைச் சந்தையில் பிடிப்பதோடு, ஸ்டோரிலேயே தேவையில்லாமல் செய்துவிடுவது இன்னும் நல்லது.

இது முடியாத காரியமும் அல்ல. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று காலையும் மாலையும் நோட்டில் எழுதி வைக்கிறார்கள். வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை ஆலைகளில் உலர்த்திக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் தனித்தனி வெப்பமானி இருக்கிறது. தேயிலைக்கு உள்ள மரியாதை ஏலக்காய்க்கு ஏன் இல்லை?

மேம்பட்ட உலர்த்திகளுக்கு நறுமணப் பொருள் வாரியம் மானியம் வழங்கி வந்திருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன். அந்த மானியத்தோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: உலர்த்தியைப் பொருத்தியதும், வெற்று அறையில் அல்ல, காய் முழுவதும் ஏற்றிய அறையில், நான்கு இடங்களில் ஓர் இரவு அளந்த பதிவைக் காட்டிய பிறகே கடைசித் தவணை. மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறையில் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையமும் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எந்தப் பருவக் காய்க்கு எந்த நேரத்தில் எத்தனை டிகிரி, எப்போது சன்னல் திறக்க வேண்டும் என்பதை ஒரே அட்டையில் தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் அச்சிட்டுக் கொடுத்தால் ஸ்டோர்களின் சுவரில் ஒட்டுவதற்கு நானே கொண்டுபோகிறேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒரு வட்டாரத்துக்கு இரண்டு கருவிகள் வாங்கி, பயிற்சி பெற்ற ஓர் இளைஞரிடமோ இளம்பெண்ணிடமோ கொடுத்து, இரவு வாடகைக்கு விடலாம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலைக்காகத் திருப்பூருக்குப் பஸ் ஏறும் பிள்ளைகள் கம்பத்திலும் போடியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கூலி பேசும்போதே பதிவுத்தாளைக் கேளுங்கள். எந்தத் தட்டு என்று கேளுங்கள். கடைசியாக வந்த மூட்டை என்பதற்காக அடுப்பின் மேல் போடக் கூடாது என்று சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் கோபப்படுவார்கள். பத்துப் பேர் கேட்டால் கருவி வாங்குவார்கள்.

அடுத்த பருவத்தின் முதல் சுற்றுக் காய் ஸ்டோருக்குப் போவதற்கு முன்பு, போடியிலோ கம்பத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெப்பமானிகளைச் சோதிக்கும் முகாம் ஒன்றை வியாபாரிகள் சங்கமோ விவசாயிகள் சங்கமோ ஏற்பாடு செய்ய வேண்டும். டயல், டிஜிட்டல், தெர்மோகப்பிள் எதுவானாலும் கழற்றிக் கொண்டுவரலாம். பனிக்கட்டியும் ஃபிளாஸ்கும் என்னிடம் இருக்கின்றன. கூலி வேண்டாம், அன்று முழுவதும் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். முன்வரும் சங்கத்தார் இந்த நாளிதழ் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவித்தால் உடனே வருவேன்.

இப்படிக்கு,
ஏலக்காய் ஸ்டோர் மெக்கானிக்,
கம்பம்மெட்டு, இடுக்கி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)